தொகை வரிக்குக் கீழே: கலைஞர்கள் ஒப்பந்தத்தில் படிக்க வேண்டியவை

ஒரு கலைஞரின் கைக்கு ஒப்பந்தம் வந்து சேரும் நேரம் பெரும்பாலும் நிதானமான நேரமாக இருப்பதில்லை. ஒப்பனை பாதி முடிந்திருக்கும்போதோ, ஒலிப்பதிவு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போதோ, "வழக்கமான அக்ரிமென்ட்தான், கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்ற சொற்களோடு அது நீட்டப்படும். வாங்குபவரின் கண் நேராகத் தொகை எழுதிய வரிக்குப் போகும். அது பேசியபடி இருந்தால் பேனா இறங்கிவிடும். ஆனால் பத்துப் பக்கங்களில் அந்த ஒரு வரி மட்டுமே உங்களுக்கு என்ன வருகிறது என்று சொல்கிறது. ஏனைய வரிகளில் பெரும்பாலானவை அந்தத் தொகைக்கு ஈடாக உங்களிடமிருந்து என்ன போகிறது என்று சொல்கின்றன. நடிகர், பாடகர், நடனக் கலைஞர், வாத்தியக் கலைஞர், டப்பிங் கலைஞர் என யாராக இருந்தாலும் படிக்க வேண்டியவை அந்த ஏனைய வரிகளே.

ஒப்பந்தம் என்பது அடிப்படையில் எளிய விஷயம். ஒருவர் ஒன்றைத் தர முன்வருகிறார், மற்றவர் ஏற்கிறார், அதற்கு ஈடாக ஏதோ ஒன்றைத் தருவதாக ஒப்புக்கொள்கிறார். பெரும்பாலான நாடுகளில் இது காகிதத்தில் இல்லாமலும் செல்லுபடியாகும். தொலைபேசியில் "சரி, வருகிறேன்" என்று சொன்னதும், வாட்ஸ்அப்பில் தேதியை உறுதிசெய்ததும்கூட ஒருவரைக் கட்டுப்படுத்தக்கூடும். வாய்மொழி உடன்பாட்டில் உள்ள சிக்கல், தகராறு வரும்போது என்ன பேசினோம் என்பதை நிரூபிக்க முடியாமல் போவதுதான். எழுத்து வந்த பிறகோ வேறொரு சிக்கல் முளைக்கிறது. பல ஒப்பந்தங்களின் கடைசிப் பகுதியில், "இந்த ஆவணமே இருதரப்புக்கும் இடையிலான முழு உடன்பாடு, இதற்கு முன் பேசிய எதுவும் செல்லாது" என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கும். பார்ப்பதற்குச் சாதுவான இந்த வாக்கியம், பேச்சுவார்த்தையின்போது உங்களுக்குத் தரப்பட்ட வாக்குறுதிகளை எல்லாம் ஒரே கோட்டில் அழித்துவிடுகிறது. தங்குமிடம் தருவோம் என்றார்கள், பெயரைச் சுவரொட்டியில் பெரிதாகப் போடுவோம் என்றார்கள், பதிவின் ஒரு பிரதியைக் கொடுப்போம் என்றார்கள். இவற்றில் காகிதத்தில் ஏறாத எதையும் பிறகு கேட்டுப் பெறுவது கடினம்.

முதலில் எதிர்த்தரப்பு யார் என்று பாருங்கள். உங்களை அழைத்தவர் ஒருவராகவும், பணம் தர வேண்டியவர் ஒப்பந்தத்தில் வேறொரு நிறுவனமாகவும் இருப்பது சாதாரணம். அந்த நிறுவனத்தின் பதிவுசெய்யப்பட்ட பெயரும் முகவரியும் இருக்கின்றனவா, கையெழுத்திடுபவருக்கு அதன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் உண்டா என்பவை ஐந்து நிமிட வேலை. அடுத்து, எந்த வேலைக்காக உங்களை அமர்த்துகிறார்கள் என்ற விவரம். "நிகழ்ச்சியில் பங்கேற்பார்" என்று மட்டும் எழுதியிருந்தால், ஒரே நாளில் இரண்டு காட்சி, மூன்று நாள் ஒத்திகை, விளம்பரத்துக்கான நேர்காணல், முன்னதாகவே வந்து சவுண்ட் செக் செய்வது ஆகிய அனைத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஒத்திகைக்கு ஊதியம் உண்டா, பயணமும் உடையும் யார் செலவு என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பணத்தைப் பொறுத்தவரை எவ்வளவு என்பதைக் காட்டிலும் எப்போது என்பதுதான் பலரைக் காலை வாருகிறது. "படம் வெளியான 30 நாளுக்குள் மீதித் தொகை வழங்கப்படும்" என்ற வரியைக் கவனியுங்கள். படம் வெளியாவது உங்கள் கையில் இல்லை. அது வெளியாகாமலே பெட்டியில் கிடந்தால், உழைத்து முடித்த உங்கள் பாக்கி சட்டப்படி இன்னும் பாக்கியாகவே ஆகவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஊதியம் ஒரு தேதியோடு கட்டப்பட வேண்டும், அல்லது உங்கள் வேலை முடிவதோடு கட்டப்பட வேண்டும். மற்றவர் விருப்பத்தில் நடக்கிற ஒரு நிகழ்வோடு கட்டுவதாக இருந்தால், "அல்லது இன்ன தேதி, இரண்டில் எது முந்தியோ அது" என்ற சொற்களையாவது சேர்த்துவிடுங்கள்.

நிகழ்ச்சி ரத்தானால் என்ன என்பதும் இந்த இடத்திலேயே தீர்க்கப்பட வேண்டியது. நீங்கள் அந்தத் தேதிக்கு கால்ஷீட் கொடுத்துவிட்டு வந்த வேறு வாய்ப்புகளை மறுத்திருப்பீர்கள். அந்த இழப்புக்கு ஈடு தேவை. ரத்து எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு கூடுதல் பங்கு உங்களுக்குச் சேர வேண்டும் என்பது நியாயமான ஏணி: இரண்டு மாதத்துக்கு முன்பே ரத்து செய்தால் அட்வான்ஸ் உங்களோடு நிற்கும், ஒரு மாதத்துக்குள் என்றால் பாதி ஊதியம், கடைசி வாரத்தில் என்றால் முழு ஊதியம் என்பது போல. வெள்ளம், தொற்றுநோய், அரசுத் தடை போன்ற தவிர்க்க இயலாத சூழல்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கும். அதில் "டிக்கெட் விற்பனை மந்தமாக இருந்தால்" என்ற காரணமும் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது தொழில் நட்டம். இயற்கைப் பேரிடர் ஆகாது.

ஊதியத்தோடு லாபத்தில் பங்கும் தருவதாகச் சொன்னால் மகிழ்வதற்கு முன், அது மொத்த வருவாயில் பங்கா, நிகர லாபத்தில் பங்கா என்று கேளுங்கள். நிகர லாபம் என்பது ஒப்பந்தத்தில் அது எவ்வாறு வரையறுக்கப்பட்டிருக்கிறதோ அதுதான். அகராதிப் பொருளுக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் பாராமவுன்ட் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், உலகெங்கும் பெருவெற்றி பெற்ற ஒரு படம் ஒப்பந்தத்தின் சூத்திரப்படி நிகர லாபமே ஈட்டவில்லை என்று கணக்குக் காட்டப்பட்டது. 1990இல் நீதிமன்றம் அந்தச் சூத்திரத்தின் முக்கியக் கூறுகள் மனச்சாட்சிக்கு ஒவ்வாதவை என்று கூறியது. ஆனால் ஒவ்வொரு கலைஞரும் அத்தகைய வழக்கை நடத்த முடியாது. நிகர லாபப் பங்கை வந்தால் வரட்டும் என்ற கணக்கில் வைத்துவிட்டு, உறுதியான தொகையைப் பார்த்து முடிவெடுப்பதே என் பரிந்துரை.

பாடகர்களுக்கும் இசைக்குழுக்களுக்கும் அட்வான்ஸ் என்ற சொல்லே ஒரு பாடம். இசைப்பதிவு நிறுவனம் தரும் அட்வான்ஸ் பொதுவாக வருங்கால ராயல்டியிலிருந்து, அதாவது பதிவின் வருவாயில் கலைஞருக்குச் சேரும் பங்கிலிருந்து, கழிக்கப்படும் தொகை. அதற்கு மேல் தனியாக வரும் பணமன்று. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அட்வான்ஸ் 100, ஒலிப்பதிவுச் செலவு 150, வீடியோவில் உங்கள் பங்காக எழுதப்பட்ட செலவு 50, ஆக மொத்தம் 300 உங்கள் கணக்கில் பற்று, அதாவது உங்கள் ராயல்டியிலிருந்து ஈடுகட்ட வேண்டிய தொகை. உங்கள் ராயல்டி 10 சதவீதம். அப்படியானால் இசைத்தொகுப்பு 3,000 ஈட்டும்போதுதான் உங்கள் பற்று பூஜ்ஜியத்தைத் தொடும். நிறுவனத்தின் கைக்கு 3,000 வந்துவிட்ட அந்த நாளில் நீங்கள் பெற்றிருப்பது ஆரம்பத்தில் வாங்கிய 100 மட்டுமே. ஒரு தொகுப்பின் பாக்கியை அடுத்த தொகுப்பின் வருவாயிலிருந்தும் பிடித்துக்கொள்ளலாம் என்று இன்னொரு பிரிவு சொன்னால், இரண்டாவது தொகுப்பு நன்றாக ஓடினாலும் முதலாவது அதை விழுங்கிவிடும். எந்தெந்தச் செலவுகள் உங்கள் கணக்கில் ஏறும், அவற்றுக்கு உச்சவரம்பு உண்டா, கணக்குப் புத்தகங்களை உங்கள் கணக்காளர் பார்வையிட உரிமை உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒப்பந்தத்துக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும்.

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். மேடையில் நீங்கள் நிகழ்த்துவது அந்த மாலையோடு முடிந்துவிடுகிறது. அதன் பதிவு முடிவதில்லை. நிகழ்த்துவதை விற்பதும் அதன் பதிவைப் பயன்படுத்தும் உரிமையை விற்பதும் இரு வேறு விற்பனைகள். ஒரே தொகைக்குள் இரண்டும் கலந்துவிடும்போதுதான் கலைஞர் ஏமாறுகிறார். இந்த வேறுபாட்டை உலகச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை, கலைஞரின் சம்மதம் இல்லாமல் அவருடைய நிகழ்ச்சியைப் பதிவுசெய்வதற்கு எதிராகப் பாதுகாப்பு அளித்தது. 1996இல் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் உடன்படிக்கை ஒன்று ஒலிப்பதிவுகளைப் பொறுத்தவரை இந்தப் பாதுகாப்பை மேலும் விரிவாக்கியது. ஒலி, ஒளிப் பதிவுகளில் தோன்றும் கலைஞர்களுக்கான பெய்ஜிங் உடன்படிக்கை 2012இல் நிறைவேறி 2020இல் நடைமுறைக்கு வந்தது. தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமையும், தன் நற்பெயருக்குக் கேடு விளையும்படி பதிவைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் கலைஞருக்கு உண்டு என்று அது சொல்கிறது. பொருளாதார உரிமைகளுக்குப் பதிவு நடந்த ஆண்டின் முடிவிலிருந்து குறைந்தது 50 ஆண்டுகள் பாதுகாப்பும் தருகிறது.

கேட்க ஆறுதலாக இருந்தாலும் இதில் ஒரு முடிச்சு உண்டு. கலைஞர் பதிவுக்குச் சம்மதித்துவிட்டால், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது அவருடைய உரிமைகள் தயாரிப்பாளருக்குச் சென்றுவிடும் என்று ஒரு நாடு தன் சட்டத்தில் எழுதிக்கொள்ளலாம் என்பதையும் அதே பெய்ஜிங் உடன்படிக்கை அனுமதிக்கிறது. ஆக, சட்டம் தரும் உரிமை உங்களிடம் தங்குகிறதா, கைமாறுகிறதா என்பதைப் பல நேரங்களில் தீர்மானிப்பது அந்தக் காகிதம்தான். அதில் வரக்கூடிய ஒரு பிரிவை அப்படியே எடுத்துப் பார்க்கலாம்:

"கலைஞர் தமது நிகழ்த்துகையின் எல்லாப் பதிவுகளிலும் உள்ள உரிமைகள் அனைத்தையும், தற்போது உள்ளவையும் இனி உருவாகக்கூடியவையுமான எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதற்கும், நிரந்தரமாகவும் திரும்பப் பெற இயலாத வகையிலும் தயாரிப்பாளருக்கு மாற்றிக் கொடுக்கிறார்."

பிரபஞ்சம் என்ற சொல்லை நான் வேடிக்கைக்காகச் சேர்க்கவில்லை. நடைமுறையில் உள்ள ஒப்பந்தங்களில் அது உண்மையாகவே வருகிறது. ஆனால் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் அந்தச் சொல்லைவிட மற்றவையே ஆபத்தானவை. "எல்லாப் பதிவுகளிலும்" என்பதில் நீங்கள் வியர்த்து விறுவிறுத்து ஒத்திகை பார்த்ததன் காணொளியும் அடங்கும். "இனி உருவாகக்கூடிய ஊடகங்கள்" என்பதில் இன்று யாரும் கற்பனை செய்யாத வருவாய் வழிகளும் அடங்கும். "மாற்றிக் கொடுக்கிறார்" என்பது வீட்டை விற்பதற்குச் சமம். "உரிமம் அளிக்கிறார்" என்பது வாடகைக்கு விடுவதற்குச் சமம். விற்ற வீட்டுக்குள் அனுமதியில்லாமல் நீங்களே நுழைய முடியாது. தன் சொந்த நடனத்தின் காணொளியைத் தன் சொந்தப் பக்கத்தில் போட்ட கலைஞருக்கு அதை நீக்கச் சொல்லி அறிவிப்பு வருவது இதனால்தான்.

ஒரு மாலை நேர நிகழ்ச்சிக்கு அழைத்தவருக்கு உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டு நிகழ்ச்சியை விளம்பரப்படுத்த ஒரு துணுக்கு. அதே பிரிவை அந்தத் தேவைக்கு ஏற்ப இப்படி எழுதலாம்: "இன்ன தேதியில் நடக்கும் நிகழ்ச்சியின் பதிவிலிருந்து மூன்று நிமிடத்துக்கு மிகாத துணுக்குகளை, தமது நிகழ்ச்சிகளை விளம்பரப்படுத்துவதற்காக மட்டும், தமது இணையதளத்திலும் சமூக ஊடகப் பக்கங்களிலும் இரண்டு ஆண்டுகளுக்கு வெளியிட அமைப்பாளருக்குக் கலைஞர் உரிமம் அளிக்கிறார். வேறு எந்தப் பயன்பாட்டுக்கும் கலைஞரின் எழுத்துமூல ஒப்புதலும் தனி ஊதியமும் தேவை. பதிவின் முழுப் பிரதி ஒன்றைக் கலைஞர் பெறுவார்; அதைத் தமது பணிகளை அறிமுகப்படுத்தப் பயன்படுத்தலாம்." எது, எதற்கு, எங்கே, எவ்வளவு காலம், சொல்லாமல் விட்டது யாருக்கு என்ற ஐந்து கேள்விகளுக்கும் இதில் விடை இருக்கிறது. முழுநீளத் திரைப்படத்தின் தயாரிப்பாளர் இவ்வளவு குறுகிய உரிமத்தை ஏற்கமாட்டார். அவருக்குப் படம் முழுவதையும் உலகெங்கும் விற்கும் உரிமை வேண்டும், அது நியாயமும்கூட. அங்கே நீங்கள் வலியுறுத்த வேண்டியது வேறு: உங்கள் நடிப்பை அந்தப் படத்துக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டுமே பயன்படுத்தலாம், வேறு பொருளுக்கான விளம்பரத்திலோ இன்னொரு படத்திலோ எடுத்து ஒட்டக்கூடாது என்பதை.

இந்தப் பகுதியோடு சேர்ந்ததுதான் குரலையும் உருவத்தையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கும் விவகாரம். அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அதன் முக்கியக் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. கலைஞரின் டிஜிட்டல் நகலை உருவாக்கவும் பயன்படுத்தவும் சம்மதமும் ஊதியமும் தேவை என்ற விதிகள் அதன் முடிவில் ஒப்பந்தத்தில் இடம்பெற்றன. சங்கத்தின் பாதுகாப்பு இல்லாத கலைஞர் இதைத் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் "உருவகப்படுத்துதல்", "மறு உருவாக்கம்", "தரவாகப் பயன்படுத்துதல்" போன்ற சொற்கள் தென்பட்டால் அங்கே நின்றுவிடுங்கள். குறிப்பாக டப்பிங் கலைஞர்கள்: ஒரு பிற்பகலில் பதிவுசெய்து கொடுத்த குரல், உங்களைக் கூப்பிடாமலே அடுத்த நூறு விளம்பரங்களைப் பேசிவிடக்கூடும். "கலைஞரின் குரலையோ உருவத்தையோ எந்தக் கணினி மாதிரியைப் பயிற்றுவிக்கவும், செயற்கையாக மீளுருவாக்கவும் பயன்படுத்தக்கூடாது" என்ற ஒற்றை வாக்கியத்தைச் சேர்க்கக் கேளுங்கள். மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தைக் கேளுங்கள். அந்தப் பதில் நிறையச் சொல்லும்.

எவ்வளவு காலம் கட்டுப்படுகிறோம் என்பது அடுத்த கேள்வி. ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகை வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தோடு ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்தார். பிடிக்காத வேடங்களை மறுத்தபோதெல்லாம் நிறுவனம் அவரை இடைநீக்கம் செய்து, அந்தக் காலத்தை ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டிக்கொண்டே போனது. ஏழு ஆண்டுகள் முடிந்தபின்னும் தன்னை விடவில்லை என்று அவர் வழக்குத் தொடுத்தார். கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1944இல், ஏழு ஆண்டு என்றால் நாட்காட்டியின் ஏழு ஆண்டுதான் என்று தீர்ப்பளித்தது. அவர் வென்றார் என்றாலும் வழக்கு நடந்த காலத்தில் படங்களில் நடிக்க முடியவில்லை. இன்று அதே நீட்டிப்பு "விருப்புரிமை" என்ற பெயரில் வருகிறது: ஓராண்டு ஒப்பந்தம், அதன்பின் மேலும் நான்கு முறை ஓராண்டு நீட்டிக்கும் விருப்பம் நிறுவனத்துக்கு. படிப்பவருக்கு இது ஐந்தாண்டு வேலைவாய்ப்புபோலத் தோன்றும். உண்மையில் நிறுவனம் ஓராண்டுக்குத்தான் கட்டுப்பட்டிருக்கிறது, நீங்கள் ஐந்தாண்டுக்கு. நீட்டிப்பு ஒவ்வொன்றுக்கும் ஊதிய உயர்வும், அறிவிக்க வேண்டிய கடைசித் தேதியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது என்ற பிரத்தியேகப் பிரிவு இருந்தால், அந்தக் காலத்தில் குறைந்தபட்ச ஊதியம் உறுதியா என்று பாருங்கள். வேலையும் தராமல் வெளியேயும் விடாமல் வைத்திருப்பதைவிடக் கொடிய நிலை கலைஞருக்கு இல்லை.

மேலாளர், ஏஜென்ட் ஆகியோரோடு செய்யும் ஒப்பந்தத்தில் இரண்டைப் பார்த்தால் போதும்: கமிஷன் எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது, பிரிந்த பிறகு எவ்வளவு காலம் அது தொடர்கிறது. பயணச் செலவும் சேர்ந்த மொத்தத் தொகையில் கமிஷன் பிடித்தால், உங்கள் கைக்கு வராத பணத்துக்கும் நீங்கள் கமிஷன் கட்டுகிறீர்கள்.

பொறுப்பேற்புப் பிரிவு சட்டமொழியில் அடர்ந்து கிடப்பதால் பலரும் தாண்டிவிடுகிறார்கள். நிகழ்ச்சியால் யாருக்கு என்ன சேதம் நேர்ந்தாலும் கலைஞரே ஈடுசெய்வார் என்று அது சொல்லுமானால், அமைப்பாளர் போட்ட பலவீனமான மேடை சரிந்தாலும் வழக்கு உங்கள் வாசலுக்கு வரும். உங்கள் தவறால் நேர்வதற்கு மட்டுமே நீங்கள் பொறுப்பு, அவர்கள் தவறுக்கு அவர்கள் பொறுப்பு என்று இருபுறமும் எழுதப்பட வேண்டும். சண்டைக்காட்சி, உயரத்தில் தொங்குவது போன்றவற்றில் காயம்பட்டால் மருத்துவச் செலவையும் இழந்த வருமானத்தையும் எந்தக் காப்பீடு ஏற்கும் என்பதும் இங்கேயே வேண்டும். நெருக்கமான காட்சிகள் இருந்தால் எது எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்பதைத் தனி இணைப்பாக எழுதி வாங்காமல் படப்பிடிப்புத் தளத்துக்குப் போகவே கூடாது. விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகு மறுப்பது எவருக்கும் எளிதல்ல.

இவ்வளவையும் கேட்டால் வாய்ப்பே கைநழுவிவிடாதா என்ற பயம் இயல்பானது. என் முதல் ஒப்பந்தத்தில் அந்தப் பயத்தால் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்திட்டேன். பின்னாளில் பேசியபோதுதான், கேட்டிருந்தால் இரண்டு பிரிவுகளை எடுத்திருப்பார்கள் என்று தெரிந்தது. முதல் வரைவு என்பது எதிர்த்தரப்பின் விருப்பப் பட்டியல். அதைத் திருத்துவதற்கு இடம் வைத்தே அனுப்புகிறார்கள். "வாய்ப்புக்கு நன்றி. ஒப்பந்தத்தைப் படித்தேன். 4, 7 ஆகிய பிரிவுகளில் சிறு மாற்றம் தேவைப்படுகிறது, என் முன்மொழிவை இணைத்துள்ளேன்" என்ற மூன்று வரிக் கடிதம் யாரையும் புண்படுத்தாது. அச்சிட்ட பக்கத்தில் வரியை அடித்துத் திருத்தினால், திருத்தத்தின் பக்கத்தில் இருதரப்பும் சுருக்கொப்பமிட வேண்டும். நீங்கள் மட்டும் அடித்த கோடு தகராறைத்தான் வளர்க்கும். தகராறு எந்த ஊர் நீதிமன்றத்தில் தீர்க்கப்படும் என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் போய்வர முடியாத தொலைவில் உள்ள நீதிமன்றம் இல்லாத நீதிமன்றத்துக்குச் சமம். நீண்ட காலத்துக்கோ எல்லா உரிமைகளுக்கோ கையெழுத்துக் கேட்கும் ஒப்பந்தம் என்றால், இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமோ உங்கள் தொழிற்சங்கத்திலோ காட்டாமல் முடிவெடுக்க வேண்டாம். எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் எவ்வளவு இனிமையாக விளக்கினாலும் அவர் அவர்களுடைய வழக்கறிஞர்.

கையெழுத்தானதும், இருதரப்பும் ஒப்பமிட்ட பிரதியை அன்றே வாங்கிவிடுங்கள். பிறகு அனுப்புகிறோம் என்று சொல்லப்பட்டவற்றில் பல வருவதில்லை. ஊதியத் தவணைகள், உரிமம் முடியும் நாள், விருப்புரிமை அறிவிப்புக்கான கடைசி நாள் ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்தக் கடைசி நாள் அறிவிப்பு வராமல் கழிந்துவிட்டால், மறுநாள் காலையே "அறிவிப்பு வராததால் நீட்டிப்பு விருப்பம் காலாவதியாகிவிட்டது" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள்.